கேம்ப்புக்கு வந்த ஏழு ஃபார்வர்டுகளில் ஐந்தாவது இடம் யாருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு லிஸ்ட்டைப் பத்திப் பேசப் போறோம். கால்பந்து டீம் லிஸ்ட். அதுல முதல்ல எழுதப்படுற பேரு எல்லாருக்கும் தெரியும், அதைப் பத்திப் பேச யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நாம பேசப் போறது கடைசியா, கொஞ்சம் யோசிச்சு, பென்சில்ல எழுதப்படுற பேரைப் பத்தி.

ஆரம்பிச்சு வச்சது என் ரூம்மேட். நெட்ஃபிளிக்ஸ்ல 2024-ல வந்த 'ரிசீவர்' சீரிஸை ரெண்டு நாள்ல முடிச்சுட்டு வந்து கேட்டான்: "மச்சி, அமெரிக்கால 90 பேரைக் கேம்ப்புக்குக் கூப்பிட்டு 53 பேரைத்தான் வச்சுக்கிறாங்களாம். மீதிப் பேரு என்னடா ஆவாங்க?" அமெரிக்காவுக்கான பதில் எனக்குத் தெரியும், சொல்லிட்டேன். அடுத்த கேள்வி: "சரி, நம்ம ஊர்ல?" அங்கதான் கொஞ்சம் நின்னுட்டேன். ஏன்னா நான் கடலூர் முதுநகர் ஆளு. எங்க மாவட்டத்துக்கும் கால்பந்து லிஸ்ட்டுக்கும் ஒரு பெரிய கதை இருக்கு. அந்தக் கதைக்கு வெளியே நின்னுபோன ஒரு தோழியும் எனக்கு உண்டு. ரெண்டையும் சொல்றேன்.

முதலில் அமெரிக்கா, சீக்கிரமா முடிச்சுடறேன். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவங்களுக்கு ஒரே வரி: குவாட்டர்பேக் பந்தை எறிவார், ரிசீவர் முன்கூட்டியே பேசி வைத்த பாதையில் ஓடி அதைப் பிடிப்பார். என்எஃப்எல் அணிகள் ஜூலை கடைசியில் கேம்ப் ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு அணியிலும் 90 பேர். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆக வேண்டும். அணிக்கு 37 பேர் வெளியே. மொத்தம் 32 அணிகள். பெருக்கிப் பாருங்க, 1,184 பேர். 2023-லிருந்து இடையில் வேறு கட்டம் கிடையாது, இந்தக் குறைப்பு மொத்தமும் ஒரே கெடு தேதிக்குள் நடந்து முடிகிறது. ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கிறவங்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும்னு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த 90 பேரில் ரிசீவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். கடைசியில் தங்குவது ஐந்தோ ஆறோ. முதல் மூன்று இடம் கேம்ப் ஆரம்பிக்கும் முன்பே முடிவான மாதிரிதான். உண்மையான சண்டை ஐந்தாவது, ஆறாவது இடத்துக்கு. இதில் சுவாரசியம் என்னன்னா, அந்த இடத்துக்குக் கோச் கேட்கும் கேள்வி "யார் நல்லா பிடிக்கிறாங்க?" என்பது இல்லை. "பிடிக்கிறதைத் தவிர வேற என்ன செய்வ?" என்பதுதான். கிக் அடித்தால் ஓடிப்போய் எதிராளியைச் சாய்ப்பியா, கிக்கைத் தடுப்பியா, இப்படி. ஆடம் தீலன் என்று ஒரு ரிசீவர். எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்கவில்லை. 2013-ல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் நடத்திய டிரை-அவுட்டுக்குப் போய் உள்ளே நுழைந்தார். முதல் வருஷம் பிராக்டிஸ் ஸ்குவாட். அடுத்த வருஷம் எல்லாரும் தவிர்க்கிற அந்தச் சில்லறை வேலைகளைச் செய்துதான் அணியில் இருந்தார். 2017, 2018 இரண்டு வருஷமும் லீகின் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார்.

இப்போ சொன்னதில் ஒரு வார்த்தையை மட்டும் தனியா எடுத்து வச்சுக்கோங்க: பிராக்டிஸ் ஸ்குவாட். 53-ல் இடம் கிடைக்காத 16 பேரை அணி தன்னோடயே வைத்துக்கொள்ளலாம். மேட்ச் லிஸ்ட்டில் பேர் இருக்காது. ஆனா தினமும் பயிற்சி, வாராவாரம் சம்பளம், எந்த வாரம் வேண்டுமானாலும் மேலே கூப்பிடலாம். கடைசியில் இதுக்குத் திரும்பி வருவோம்.

சரி, நம்ம கால்பந்துக்கு வருவோம். இங்க ரிசீவர்னு யாரும் சொல்றதில்லை. ஆனா ஃபார்வர்டு செய்வது கிட்டத்தட்ட அதே வேலை: பந்து வரப்போற இடத்துக்குப் பந்துக்கு முன்னாடி போய்ச் சேர்றது. டிவியில் கேமரா பந்தோடயே போறதால, ஃபார்வர்டோட பாதி வேலை நமக்குத் தெரியவே தெரியாது. பந்தே இல்லாமல் ஓடி ஒரு டிஃபண்டரைக் கூட இழுத்துட்டுப் போவார். அவர் காலி பண்ணின இடத்துல இன்னொருத்தர் வந்து கோல் அடிப்பார். ஸ்கோர் ஷீட்டில் முதல் ஆளின் பேர் வராது.

அமெரிக்க ஆட்டத்தில் இல்லாத ஒரு தலைவலி நமக்கு உண்டு. ஆஃப்சைடு. அங்க ரிசீவர், ஆட்டம் தொடங்கினதும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் முன்னாடி ஓடலாம். இங்க பாஸ் காலை விட்டுக் கிளம்புற அந்த நொடியில் நீங்க கடைசி டிஃபண்டரைத் தாண்டியிருக்கக் கூடாது. அரை நொடி சீக்கிரம் ஓடினா கொடி தூக்கிடுவாங்க. அரை நொடி லேட்டா ஓடினா டிஃபண்டர் வந்துடுவாங்க. அதனால ஃபார்வர்டின் திறமையில் பாதி, பாஸ் கொடுக்கிறவரைப் படிக்கிற திறமை. அவர் தலையைத் தூக்கினாரா, எந்தக் காலில் பந்து இருக்கு, இப்ப கொடுப்பாரா, இன்னும் ஒரு தட்டு தட்டுவாரா.

இந்த ஜோடி வேலைக்கு எங்க மாவட்டத்திலேயே ரெண்டு பேர் இருக்காங்க. பாஸ் கொடுக்கிற பக்கம் இந்துமதி கதிரேசன், இந்திய அணியின் மிட்ஃபீல்டர், கடலூர்க்காரர். ஓடுற பக்கம் சந்தியா ரங்கநாதன், ஃபார்வர்டு. அவரும் கடலூர் மாவட்டம்தான். ரெண்டு பேரும் இந்தியாவுக்கு ஆடியவங்க, ரெண்டு பேரும் தமிழ்நாட்டுக்கு ஆடியவங்க.

ஒரே மாவட்டத்திலிருந்து இது எப்படி வந்தது? 2004 டிசம்பர் 26. சுனாமி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம்னு எங்க கடற்கரை ஊர்களின் பேரெல்லாம் முதல்முறையா தேசியச் செய்தியில் வந்தது அப்பதான். அதற்குப் பிறகு பயிற்சியாளர் எஸ். மாரியப்பன் கடலூரில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பேரில் அது வளர்ந்தது. எவ்வளவு வளர்ந்ததுன்னா, 2018-ல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீகில் ஆடியது மொத்தம் ஏழு அணிகள். அதில் ஒன்று கடலூர் அகாடமி. கோகுலம் கேரளா, மதுரைப் பக்கத்து சேது எஃப்சி இருந்த அதே பட்டியலில். மெட்ரோ சிட்டி கிடையாது, பெரிய ஸ்பான்சர் ஊரும் கிடையாது. கெடிலம் ஆத்தங்கரை ஊரு.

அதே 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் சீனியர் மகளிர் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம். தமிழ்நாடு 2, மணிப்பூர் 1. மகளிர் கால்பந்தில் மணிப்பூரை ஃபைனலில் ஜெயிக்கிறதுன்னா, ரஞ்சி கோப்பை ஃபைனலில் மும்பையை ஜெயிக்கிற மாதிரி. அடுத்து 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என வென்று மறுபடி சாம்பியன். நடுவுல 2019-ல் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது.

ஆக, ஆட்கள் இருக்காங்க. அதனாலேயே லிஸ்ட் போடறது கஷ்டம். அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

பெரிய போட்டிகளில் பல வருஷமா பழகின எண் 23. அதில் மூன்று பேர் கோல்கீப்பர்கள். ஆடப்போவது பெரும்பாலும் ஒருத்தர்தான், ஆனாலும் மூன்று இடம் போயிடும். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குச் சொன்னா உடனே புரியும்: இது பேக்கப் சர்வர். ஒன்பது மாசம் சும்மா இருக்கும், இல்லாம இருந்த ஒரு நாள்ல கம்பெனியே படுத்துடும். மீதி 20. மைதானத்தில் பத்து இடம், ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பேர்னு வைத்தால் சரியா 20. கேட்க அழகா இருக்கு. ஆனா நிஜத்தில் டிஃபண்டர் ரெண்டு பேருக்கு ஒரே வாரத்தில் மஞ்சள் அட்டை சேர்ந்து தடை வரும், ஒருத்தருக்கு முட்டி போகும். அதனால கோச் டிஃபன்ஸில் ஒரு ஆள் கூட வைப்பார். அந்த ஒரு ஆள் எங்கிருந்து வரணும்? பெரும்பாலும் முன்வரிசையிலிருந்து.

மூன்று ஃபார்வர்டு வைத்து ஆடுற அணின்னா லிஸ்ட்டில் ஐந்து ஃபார்வர்டு இருப்பாங்க. முதல் மூன்று பேர் ஆடுவாங்க. நாலாவது ஆள், கோல் வேணும்னா 60-வது நிமிஷம் இறங்குற சப். அஞ்சாவது ஆள்தான் பிரச்சினை. அவங்க நாலாவது ஆள் மாதிரியே இன்னொரு கோல் அடிக்கிறவங்களா இருந்தா கோச்சுக்குப் பிரயோஜனம் கம்மி. நம்ம கோடிங் மொழியில் இது நாப்சாக் கணக்கு: பையின் அளவு குறிப்பிட்டது, அதில் தனித்தனியா மதிப்பு அதிகமான பொருள்களை எடுத்து அடைத்தால் மொத்த மதிப்பு அதிகமாகும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. ஏழு பேரில் சிறந்த ஐந்து பேரை எடுக்கிறதும், சிறந்த ஐந்து பேர் கொண்ட கூட்டத்தை எடுக்கிறதும் வேற வேற.

கேம்ப்பில் கோச் எதைத்தான் பார்க்கிறார்? கோல் எண்ணிக்கையை நாமதான் எண்றோம். அவர் பார்க்கிற முதல் விஷயம், பந்து வர்றதுக்கு முந்தின நொடியில் ஃபார்வர்டின் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு. முதுகைக் கோல் பக்கம் காட்டி நின்னா பந்தை வாங்கித் திரும்பவே ஒரு நொடி போயிடும். பாதி திரும்பின நிலையில் வாங்கினா முதல் தொடுதலிலேயே டிஃபண்டர் பின்னாடி. அடுத்தது, பந்து பறிபோன உடனே என்ன செய்றாங்க. தலையில் கை வச்சுட்டு நிக்கிறவங்க, உடனே துரத்துறவங்கன்னு ரெண்டே வகை. இன்றைய ஆட்டத்தில் ஃபார்வர்டுதான் முதல் டிஃபண்டர்.

அப்புறம் சாயங்கால செஷனின் கடைசி இருபது நிமிஷம். கடலூர், சிதம்பரம் பக்கம் மே மாசத்தில் வெயிலை விட மோசம் புழுக்கம். கடல் காத்து வந்தாலும் சட்டை காயாது. காலை செஷனில் மான் மாதிரி ஓடினவங்க அந்த நேரத்தில் எப்படி ஓடறாங்கன்றதுதான் உண்மையான ஃபிட்னஸ் ரிப்போர்ட். புரொஃபஷனல் கிளப்புகளில் இதுக்கு ஜிபிஎஸ் பனியன் இருக்கு, எத்தனை ஸ்பிரிண்ட், எவ்வளவு வேகம்னு கிராஃப் வந்துடும். மாவட்ட, மாநில கேம்ப்புகளில் விசிலும் பீப் டெஸ்ட்டும்தான்.

இப்ப அந்தத் தோழி. பேர் வேண்டாம், எந்த கேம்ப்னும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர், எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. சில வருஷங்களுக்கு முன் ஒரு செலக்‌ஷன் கேம்ப்புக்குப் போனா. இந்த எபிசோடுக்காகப் போன் பண்ணினேன். அவ அனுமதியோட அந்தப் பேச்சில் கொஞ்சம்:

"எத்தனை ஃபார்வர்டு வந்திருந்தீங்க?"

"ஏழு பேருண்ணா. அஞ்சு பேரு எடுப்பாங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும். அதுல மூணு அக்காங்க ஏற்கெனவே நேஷனல்ஸ் ஆடுனவங்க. அப்ப ரெண்டு எடத்துக்கு நாலு பேரு."

"உனக்கு எப்ப தெரிஞ்சுது, வாய்ப்பு இருக்கா இல்லையான்னு?"

"பிப்பு கலரு இருக்கில்ல, பிராக்டிஸ் மேட்சுக்குக் குடுப்பாங்களே. ஆரஞ்சு போட்டா மெயின் டீமு. யாரும் வாய விட்டுச் சொல்ல மாட்டாங்க. ஆனா காலையில பிப்பு குடுக்கும்போது ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்குவோம். எனக்கு ஆறாவது நாளு ஆரஞ்சு வந்துச்சு. அன்னிக்கு மூணு கோலு."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"மறுநாளு சார் கூப்பிட்டு, லெஃப்ட் பேக் ஆடுவியாம்மான்னு கேட்டாரு. நான் ஃபார்வர்டு சார்னேன். சரின்னுட்டாரு. அவ்ளோதாண்ணா."

பத்து நாள் முடிந்து லிஸ்ட் வந்தது. ஐந்தாவது ஃபார்வர்டா போனது, கேம்ப் முழுக்க ஒரே ஒரு கோல் அடிச்ச பொண்ணு. அந்தப் பொண்ணு ரெண்டு பிராக்டிஸ் மேட்சில் லெஃப்ட் பேக்காவும் இறங்கியிருந்தா. என் தோழி பேர் ரிசர்வில். நம்ம ஊர்ல ரிசர்வ்னா என்ன அர்த்தம்னா, பையை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வர்றது.

கோச் முடிவு தப்புன்னு அவளும் சொல்லலை. கணக்குப்படி பார்த்தா நானும் அதையேதான் பண்ணியிருப்பேன். எனக்கு உறுத்துறது வேற. "லெஃப்ட் பேக் ஆடுவியா" என்ற அந்த ஒரு கேள்விதான் பரீட்சை. அது பரீட்சைன்னு அவளுக்கு யாரும் சொல்லலை. என்எஃப்எல் கேம்ப்பில் ஆறாவது ரிசீவர் ஆகணும்னு வர்ற பையனுக்கு முதல் நாளே தெரியும், கிக் டீமில் ஓடினாத்தான் வேலைன்னு. இன்டர்வியூவுக்குப் போறவங்ககிட்ட வேலை விவரத்தைச் சொல்லாமலே ரிஜெக்ட் பண்ற மாதிரி இது. பதினேழு வயசுப் பொண்ணு "நான் ஃபார்வர்டு சார்"னு பெருமையாதான் சொல்லியிருக்கா.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் கலக்கும்: வெளிநாட்டு வீரர்கள். ஆண்கள் பக்கம் ஐஎஸ்எல்லைப் பாருங்க. 2014-ல் ஆரம்பித்தபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம். 2017-18-ல் அது ஐந்து. 2021-22-லிருந்து நாலு. நாலுன்னு குறைச்சதும் இந்திய ஃபார்வர்டுக்கு இடம் வந்திருக்கணும் இல்லையா? கோச் என்ன பண்ணுவார்னு யோசிங்க. நாலு வெளிநாட்டவரை எங்கே நிறுத்துவார்? தவறு நடந்தா ஆட்டமே போகிற இடத்திலும், ஒரு நொடி திறமையில் ஆட்டமே ஜெயிக்கிற இடத்திலும். அதாவது சென்டர் பேக், நடு மிட்ஃபீல்டு, ஸ்ட்ரைக்கர். குறைச்சதில் இந்தியர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஓரங்கள். ஸ்ட்ரைக்கரா வளர்ந்த பையன் விங்கரா மாறுவான், இல்லை பெஞ்சில் உட்காருவான்.

சென்னையின் எஃப்சியையே எடுத்துக்கோங்க. 2015-ல் கோப்பை ஜெயிச்ச சீசனில் 13 கோல் அடிச்சு டாப் ஸ்கோரர் ஆனவர் கொலம்பியாவின் மெண்டோசா. 2019-20-ல் 15 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்கியது லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ். நடுவுல 2017-18-ல் மட்டும் ஒரு விதிவிலக்கு: மிசோரமின் ஜெஜெ லால்பெக்லுவா 9 கோலோட அணியின் டாப் ஸ்கோரர், சென்னையின் சாம்பியன். அந்த ஃபைனலில் பெங்களூருவை 3-2 என ஜெயிச்சபோது மூணு கோலும் பிரேசில்காரர்கள் அடிச்சது. அதில் ரெண்டு அடிச்ச மைல்சன் ஆல்வெஸ் ஒரு டிஃபண்டர்!

இதன் விளைவு எங்க போய் நின்னதுன்னா, 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில் இந்திய அணிக்குத் திரும்பக் கூப்பிட்டாங்க. 40 வயசு. ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிரா வந்து கோலும் அடிச்சார். சந்தோஷமா கை தட்டினோம், சரி. ஆனா 40 வயசு ஆளைக் கூப்பிட வேண்டி வந்ததுன்னா, நடுவுல இருபது வருஷம் லிஸ்ட்டின் அந்த மூலையில் யாரையுமே நிரப்பலைன்னு அர்த்தம். மகளிர் லீகிலும் இதே போக்கு வந்தாச்சு. 2024-25-ல் அதிக கோல் அடிச்சவர் கோகுலம் கேரளாவின் ஃபசிலா இக்வாபுட், உகாண்டா. 24 கோல். அவர் அற்புதமான ஆட்டக்காரர், அவரைப் பார்த்து நம்ம பொண்ணுங்க கத்துக்குவாங்க, அதெல்லாம் உண்மை. அதே நேரம் ஒவ்வொரு கிளப்பும் அதையே செய்தா என்ன ஆகும்னு ஆண்கள் லீக் ஏற்கெனவே செஞ்சு காட்டிடுச்சு.

"கடைசிப் பேருக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா, அவங்க எப்படியும் ஆடப் போறதில்லையே"ன்னு சிலர் கேட்கலாம். 2022 ஜனவரியை ஞாபகப்படுத்தறேன். மகளிர் ஆசியக் கோப்பை நம்ம நாட்டிலேயே நடந்தது. 2023 உலகக் கோப்பைக்குப் போக வழியும் அதுதான். 23 பேர் லிஸ்ட், அதில் இந்துமதியும் இருந்தார். பயிற்சியாளர் ஸ்வீடனின் தாமஸ் டென்னர்பி. முதல் ஆட்டம் ஜனவரி 20, ஈரானோட 0-0. நிறைய வாய்ப்பு வந்தும் கோல் வரலை. அடுத்தது 23-ஆம் தேதி, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் சீன தைபேயோட.

அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. அணிக்குள் கொரோனா. ஆட்டத்துக்குக் குறைந்தபட்சம் 13 பேர் தேவை என்பது விதி. 23 பேரில் 13 பேரைக்கூட நிறுத்த முடியவில்லை. இந்தியா போட்டியிலிருந்து விலகியதாக அறிவிக்கப்பட்டது, ஆடிய ஈரான் ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. சொந்த மண்ணில், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், உலகக் கோப்பைக் கனவு முடிஞ்சுது. ஒரு லிஸ்ட்டில் இருபத்திமூணாவது பேருக்கு என்ன மதிப்புன்னு யாராவது கேட்டா நான் சொல்ற பதில் இதுதான். ஆபீஸில் பேக்கப் சர்வருக்குக் காசு கேட்கும்போதும் இதைச் சொல்லிப் பார்த்திருக்கேன். காசு கிடைக்கலை, அது வேற விஷயம்.

இப்ப பிராக்டிஸ் ஸ்குவாட்டுக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் வெட்டப்பட்ட 1,184 பேரில் 500 பேருக்கு மேல் பிராக்டிஸ் ஸ்குவாடுகளில் இடம் உண்டு. மறுநாளே வேற அணி எடுத்துக்கவும் வழி இருக்கு. மேலே இருக்கிற 53-க்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கு. நம்ம பக்கம் அந்தப் படி இல்லை.

அதோட நம்ம ஊர் லிஸ்ட்டில் இன்னொரு பாரமும் ஏறியிருக்கு. சர்டிஃபிகேட். மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடினா அந்தச் சான்றிதழ் காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவும். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுக்கும் அதுதான் வழி. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் அவர் சென்னையில் ரோட்டில் நின்னு டியூட்டி பார்த்தது செய்தியா வந்தது. மீனவக் குப்பத்திலோ முந்திரித் தோப்புப் பக்கமோ இருந்து வர்ற ஒரு வீட்டுக்கு அந்தக் காக்கிச் சட்டை என்னன்னு உங்களுக்கே தெரியும். ஆக ஐந்தாவது ஃபார்வர்டுக்கும் ஆறாவது ஃபார்வர்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பெஞ்ச் சீட் மட்டும் இல்லை. ஒருத்திக்குச் சான்றிதழ் கையில் வரும். இன்னொருத்திக்கு அந்தப் பத்து நாள் வந்ததுக்கு ஒரு பேப்பர்கூட இருக்காது.

என்ன செய்யலாம்? எனக்குத் தோணுறதைச் சொல்றேன், நான் ஃபெடரேஷன் ஆள் இல்லை, கோடு எழுதறவன். 2024-25-ல் இந்திய மகளிர் லீகில் எட்டு அணிகள்தான். ஒவ்வொரு அணிக்கும் லீகில் 14 ஆட்டம். 2023-24-லதான் முதல்முறையா சொந்த ஊர், வெளியூர்னு முறையா ஆட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டிச் சில வாரத்தில் முடிச்சுடுவாங்க. இப்ப இரண்டாம் நிலை லீகும் வந்திருக்கு, நல்ல விஷயம். இந்த அணிகள் ஒவ்வொன்றும் லிஸ்ட்டுக்கு வெளியே நாலே நாலு பொண்ணுங்களை, ஆடாவிட்டாலும் தங்க இடம், சாப்பாடு, ஒரு மாசச் சம்பளம் கொடுத்து வச்சுக்கணும்னு விதி போட்டா எட்டு அணிக்கு 32 பேர். ஒரு ஐஎஸ்எல் வெளிநாட்டு வீரரின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட அந்தச் செலவு வராதுன்னு நினைக்கிறேன். பணமே வேண்டாம்னாலும் ரெண்டு வேலை உடனே செய்யலாம். கேம்ப் முதல் நாளே "எங்களுக்கு இந்தந்த இடத்துக்கு ஆள் வேணும்"னு போர்டில் எழுதிப் போடலாம். கடைசி நாள் வெளியே போறவங்களைக் கூப்பிட்டு, எதனால இல்லைன்னு அஞ்சு நிமிஷம் சொல்லலாம்.

கேம்ப்புக்குப் போகப் போற யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, குறிப்பா ஃபார்வர்டுகள்: உங்க அணியில் எந்த இடத்தில் ஆள் கம்மின்னு முதல் ரெண்டு நாளில் எண்ணிப் பாருங்க. உங்க பலவீனமான காலில் தினம் நூறு பாஸ் அடிங்க. "லெஃப்ட் பேக் ஆடுவியா"ன்னு கேட்டா, உடனே "ஆடறேன் சார்"னு சொல்லுங்க. ஃபார்வர்டா இருக்கிறதை அதுக்கப்புறம் யாரும் உங்ககிட்ட இருந்து பிடுங்க முடியாது.

தோழி இப்ப மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறா. ஞாயித்துக்கிழமை காலையில் சில்வர் பீச் பக்கம் பசங்களும் பொண்ணுங்களுமா ஏழு ஏழு பேர் ஆடுறாங்க, அதுக்குத் தவறாம போறாளாம். போனை வைக்கிறதுக்கு முன்னாடி, இப்ப எந்த பொசிஷன்னு கேட்டேன். "ஆள் வர்றதப் பொறுத்துண்ணா, போன வாரம் கோல்கீப்பரு"ன்னா. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஷூ எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கா.

அடுத்த எபிசோடில் ஆஃப்சைடை கேமராவும் கம்ப்யூட்டரும் சேர்ந்து எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும், வணக்கம்.